மூன்றாவது வரி

தஞ்சாவூர் ஜில்லாவில் சங்கீதம் கற்றுக்கொள்கிறவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அரங்கேற்றம் ஆகிறவரை வீட்டில் ஒரு பெண் பாடுகிறாள் என்பதே அடுத்த வீட்டுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தாலும் அடுத்த வீட்டுக்காரர்கள் தெரியாத மாதிரி இருக்கவேண்டும். என் பெரியப்பா வீட்டில் வீணை கற்றுக்கொண்ட அக்கா தங்கைகள் ஜன்னலையும் சேர்த்துச் சாத்திக்கொண்டு, வேர்த்து வடிய வடிய வாசிப்பார்கள். தப்பு வெளியே கேட்டால் மானம் போயிற்று. அப்படி வளர்ந்த எனக்குப் பக்கத்துப் போர்ஷனில் வந்து வாய்த்தவர், வாசல் கதவு, கொல்லைக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்து வைத்துக்கொண்டு தப்புத் தப்பாகக் கிட்டார் வாசித்த ஒரு நர்ஸ்.

வீரசோழனாற்றங்கரையில் இருந்த அந்த ஊருக்கு நான் ஆரம்பப் பள்ளி டீச்சராகப் போனது எழுபதுகளின் தொடக்கத்தில். அவர் சுகாதார நிலையத்து நர்ஸ். பண்ணை வீட்டுக்குச் சொந்தமான ஓட்டு வீடு ஒன்றை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, ஒரு பாதியை எனக்கும் மறுபாதியை அவருக்கும் விட்டிருந்தார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் எனக்கு அக்கா. ஊருக்கு நர்ஸம்மா. தரங்கம்பாடிப் பெண். நெட்டை, நல்ல கறுப்பு, கடற்கரைக் குரல். அவர் சாதாரணமாகப் பேசினாலே ஆற்றுக்கு அக்கரையில் துணி துவைக்கிறவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கிட்டாரை எடுப்பார். ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு, பிறகு அந்தச் சத்தம் எங்கோ போய் முட்டிக்கொள்ளும். உடனே "ச்சே!" என்பார். ஒரு மூச்சு விட்டு, "இன்னொரு தடவை" என்பார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுதான், ஆனால் தெருக்கோடிவரை கேட்கும். நான் இந்தப் பக்கம் பிள்ளைகளின் கணக்கைச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருப்பேன். பலகைக்கு அந்தப் பக்கம் போய் அவரையும் ஒரு சுழி சுழிக்கலாமா என்று வரும்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, கதவைச் சாத்திக்கிட்டு வாசிச்சா நல்லா இருக்குமில்ல?" என்றேன்.

"சாத்திட்டா தப்பெல்லாம் உள்ளேயே சுத்திக்கிட்டுக் கெடக்கும் டீச்சர். தெறந்திருந்தாத்தான் வெளிய போவும்."

"வெளிய போயி என் தலையிலதானே விழுது?"

"உங்களுக்கு நல்ல கெட்டித் தலை. தாங்கும்."

எழுந்து வந்துவிட்டேன்.

அக்காவின் அண்ணன் கப்பலில் சமையல்காரர். ஒரு லீவில் வந்தவர், ஒரு கிட்டாரையும், பாட்டரியில் ஓடுகிற சின்ன ரெக்கார்டு பெட்டியையும், ஒரே ஒரு இசைத்தட்டையும் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அமெரிக்கக் கறுப்பர் ஒருவர், வயதான குரல், தன்னந்தனியாகக் கிட்டாரை வைத்துக்கொண்டு பாடுவது. இந்தப் பாட்டுக்கு ப்ளூஸ் என்று பெயர் என்பதே அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "பருத்திக்காட்டுல கூலிவேலை பாத்தவங்க பாட்டு டீச்சர். வயித்தெரிச்சலைப் பாட்டாக்கிட்டாங்க" என்றார். முதலில் கேட்டபோது யாரோ பல்வலியில் முனகுகிற மாதிரிதான் எனக்கு இருந்தது. கேட்கக் கேட்க, அந்த முனகலுக்குள் ஒரு குறும்பு ஒளிந்திருப்பது தெரிந்தது. அந்த மனிதர் ஒரு வரி பாடுவார். அதே வரியைத் திரும்பவும் பாடுவார். மூன்றாவது வரியில் அதற்கு ஒரு பதில் சொல்லுவார். பாட்டு முழுக்க இதே கதைதான்.

"எதுக்குக்கா சொன்னதையே ரெண்டு தடவை சொல்றாரு?"

"ஒரு தடவை சொன்னா மொதலாளி காதுல விழாது. நம்ம ஊர்ல மட்டும் விழுதா என்ன?"

அக்காவுக்கு அந்தக் கிழவர் மாதிரி வாசிக்கவேண்டும். சொல்லிக்கொடுக்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு ஜீவன் கிடையாது. அண்ணன் வைத்துவிட்டுப் போன பாடப் புத்தகம் ஒன்று இருந்தது, படம் போட்டது. அதைப் பார்த்து விரல் வைத்துப் பழகிக்கொண்டிருந்தபோதே மழைக்காலம் வந்து, கம்பிகள் துருப்பிடித்து ஒவ்வொன்றாய் அறுந்து போயின. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினார். நானும் துணைக்குப் போனேன். அங்கே வீணை செய்கிறவர் ஒருவர், அதை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்து, "இதுக்குக் குடம் எங்கம்மா?" என்றார். பிறகு மனமிரங்கி வீணைக் கம்பிகளையே மாட்டிக் கொடுத்தார். மாட்டியவர் அதோடு விட்டாரா? சுருதியும் சேர்த்தே கொடுத்தார். அவருக்குத் தெரிந்த சுருதி ச, ப, ச. மறுபடி ச, ப, ச. தம்புராவுக்குச் சேர்க்கிற மாதிரி.

கிட்டாருக்கு அது சுத்தத் தப்பு. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்து விரல் வைத்தால் நாய்ச் சண்டைதான் கேட்டது. வேறு யாராயிருந்தாலும் மறுநாள் காலைப் பஸ்ஸில் திரும்பப் போய்ச் சண்டை போட்டிருப்பார்கள். அக்கா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, விரலே வைக்காமல், ஆறு கம்பியையும் ஒருசேர ஒரு வருடு வருடினார். அறை முழுக்க அந்தச் சத்தம் நிறைந்து நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இசைத்தட்டில் அந்தக் கிழவர் வாய் திறப்பதற்கு முன்னால் வருகிற அதே சத்தம்.

"என்ன டீச்சர், அந்தாளும் தஞ்சாவூருக்கு வந்துதான் கம்பி மாட்டிக்கிட்டுப் போயிருப்பாரோ?" என்றார் அக்கா.

அந்த வீணைக்காரர் வாசல்வரை வந்து இன்னொன்றும் சொல்லியிருந்தார். "வழுக்கி வாசிக்கணும்னா கோட்டுவாத்தியத்துல பண்ற மாதிரி எதையாவது கம்பிமேல வச்சு இழும்மா." அக்கா வீட்டில் இருந்த கரண்டிக் காம்பு, தைலப் புட்டி எல்லாவற்றையும் வைத்து இழுத்துப் பார்த்தார். கடைசியில் சுகாதார நிலையத்தில் மூக்கு உடைந்து ஒதுக்கிப் போட்டிருந்த பெரிய கண்ணாடி ஊசிக்குழாய் ஒன்று அகப்பட்டது. உடைந்த முனையைத் தேய்த்து, பழக்கதோஷத்தில் வெந்நீரில் கொதிக்கவும் வைத்து, சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டார். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. நர்ஸம்மா கிட்டாருக்கு ஊசி போடுகிறார் என்று மறுநாளே ஊர் முழுக்கச் செய்தி.

தப்பு செய்ய வெட்கப்படாத மனுஷி ஒருத்தியை நான் அதற்கு முன் கண்டதில்லை. சைக்கிள் கற்றுக்கொண்டதும் அந்த லட்சணம்தான். விடிகாலையில் யாருமில்லாத கோயில் பிராகாரத்தில் பழகியிருக்கலாம். அக்கா பழகியது ஆற்றங்கரை ரோட்டில், காலைப் பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேருக்கும் எதிரில். நேரே போய் வாய்க்காலில் விழுந்தார். எழுந்து வந்து, முந்தானையைப் பிழிந்துகொண்டே, "ச்சே! இன்னொரு தடவை" என்றார். டீக்கடைக்காரர் பாய்லரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து சீட்டைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நின்றவர்களில் பாதிப் பேர் பஸ்ஸை விட்டார்கள். ஒளிந்து பழகி விழுந்திருந்தால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். எதிரிலேயே விழுந்தவளை என்ன செய்வது? தூக்கித்தான் விடவேண்டும்.

ஆனால் எல்லா இடத்திலும் இந்தக் குணம் செல்லுமா? ஊசி போடும்போது நரம்பு அகப்படாவிட்டால், "தப்பாயிடுச்சு ஆத்தா, இன்னொரு தடவை குத்தணும்" என்று நேராகச் சொல்லிவிடுவார். பண்ணை வீட்டுப் பெரியம்மா ஒருமுறை இதைக் கேட்டு வெலவெலத்துப்போய், தப்பு என்று தன் வாயாலேயே சொல்லுகிறவள் என்ன நர்ஸ் என்று ஊரைக் கூட்டினார். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"டாக்டர் என்னிக்காவது தப்புன்னு சொல்லியிருக்காராக்கா? நீங்க மட்டும் ஏன் சொல்றீங்க?"

"அவரு சொல்லமாட்டாரு. அதனாலதான் அவரு எங்க தப்பு விட்டாருன்னு யாருக்குமே தெரியமாட்டேங்குது."

இசைத்தட்டுக் கிழவர் பாடிய இங்கிலீஷ் அக்காவுக்குப் பாதி புரியாது. எனக்கு முக்கால்வாசி புரியாது. அதனால் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, தானே தமிழில் வரி கட்டினார்.

*ஆத்துல தண்ணி வந்தாச்சு, அக்கரை போக ஓடமில்ல*

*ஆத்துல தண்ணி வந்தாச்சு, அக்கரை போக ஓடமில்ல*

இதுவரை குரலும் கிட்டாரும் கைகோத்துக்கொண்டு அழகாக வரும். மூன்றாவது வரிக்குத் திரும்புகிற முனையில் கண்ணாடிக்குழாய் சர்ரென்று மேலே ஏறி ஓரிடத்தில் நிற்கவேண்டும். நிற்காது. தாண்டிவிடும். "ச்சே! இன்னொரு தடவை." மறுபடியும் ஆற்றில் தண்ணீர் வரும், மறுபடியும் ஓடம் இருக்காது. மாதக்கணக்கில் நாங்கள் இக்கரையிலேயே நின்றுகொண்டிருந்தோம்.

"மூணாவது வரி மட்டும் தனியா வாசிச்சுப் பழகுங்களேன். அது என்னன்னாவது நான் தெரிஞ்சுக்கிறேன்" என்றேன், பொறுக்கமாட்டாமல்.

"கேக்காம எப்படி டீச்சர் பதில் சொல்றது? ரெண்டு தடவை கேட்டாத்தானே பதில்? கை வரும்போது வாயும் வரும்." பிறகு கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு, "ஒரு தடவை, நிக்காம முழுசா வாசிச்சுடணும். எனக்கு அது போதும்" என்றார். அக்கா குரலைத் தணித்துப் பேசிக் கேட்டது அபூர்வம். அதனால் அது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்கு விளங்கியது.

அடுத்த சம்பா நடவின்போது வரப்பு வழியாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பண்ணை வேலைக்காரர்கள் குடியிருந்தது தெற்குத் தெரு. அந்தத் தெருப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டே பாடினார்கள். வழக்கமான நடவுப் பாட்டு என்று காது கொடுக்காமல் நடந்தேன். நாலு அடி போனதும் கால் நின்றுவிட்டது. முன்னால் நின்ற மலர்க்கொடி, "ஆத்துல தண்ணி வந்தாச்சு" என்று எடுத்துக் கொடுக்கிறாள். மற்றவர்கள் அதே வரியைத் திருப்பிப் பாடுகிறார்கள். பிறகு அத்தனை பேரும் ஒரே குரலில், தாளம் தப்பாமல், "ச்சே!" என்கிறார்கள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

வயலுக்குப் போகிற பாதை எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான். மாலையில் வேலை முடிந்து திரும்பும்போது திறந்த கதவு வழியாகக் கேட்டுக் கேட்டு, பாட்டே அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார்கள்! அக்கா மனசு கஷ்டப்படுவாரோ என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வரப்பில் நின்று கேட்டுவிட்டும் வந்தார். "என்னைவிட அவங்கதான் டீச்சர் அந்த ச்சேயை சரியான எடத்துல சொல்றாங்க!"

தை பிறந்து, கதிர் முற்றித் தலை சாய்ந்தபோது ஊர் இரண்டாகிவிட்டது. தெற்குத் தெருவில் சங்கம் வைத்திருந்தார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்பு என்றார்கள். பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆளை இறக்குவோம் என்றார்கள். ரோட்டில் போலீஸ் வேன் வந்து நின்றது. பக்கத்து ஊர்களில் இந்தச் சண்டையில் குடிசை எரிந்த கதைகள் எல்லாருக்கும் தெரியும். அதனால் பகலிலேயே யாரும் உரக்கப் பேசவில்லை, அக்காவைத் தவிர. சங்கத்துக்குத் தலைவர் மலர்க்கொடியின் அப்பா. அந்த மாதத்தில்தான் மலர்க்கொடிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த ஊர்.

மனுஷனை அசைக்க முடியாவிட்டால் மகள் கல்யாணத்தை அசைக்கலாம் என்று பண்ணைக்காரர்களுக்குத் தோன்றிவிட்டது. தெற்குத் தெருவுக்குப் போய் வாசித்தால் இனி பண்ணை வீட்டு வாசலிலோ கோயில் உற்சவத்திலோ நிற்கமுடியாது என்று மேளக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மைக்செட்காரருக்கும் அதே சேதி. இரண்டு பேரும் கையை விரித்தார்கள். தெருவில் பறை இல்லையா என்றால், இருந்தது. பண்ணை வீட்டுச் சாவுக்கெல்லாம் அடித்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள் என்பதற்காக, இனி யாருக்குமே அடிப்பதில்லை என்று அந்தத் தெரு இளைஞர்கள் அதைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். போட்டதைத் திரும்ப எடுக்க அவர்களுக்கு மனசில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "மேளமில்லாத கல்யாணம் எழவு வீட்டுக்குச் சமானம். கெட்டிமேளம் கொட்டாம எம்புள்ள தாலி கட்டமாட்டான்." ஐயர் இல்லாமல் நடக்கிற கல்யாணம் செல்லும் என்று அரசாங்கமே சட்டம் போட்டிருந்தது. மேளம் இல்லாமலும் செல்லும் என்று ஒரு வரி சேர்த்துப் போட்டிருந்தால்கூட அந்த அம்மாளிடம் செல்லுபடி ஆகியிருக்காது.

அன்று சாயங்காலம் மலர்க்கொடி எங்கள் வாசலுக்கு வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் இப்போது அழவில்லை.

"நர்ஸம்மா, நீங்க வந்து வாசிக்கிறீங்களா?"

"வாசிக்கிறேன். ஆனா தப்பா வாசிப்பேனே, பரவாயில்லையா?"

"அது எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லி அந்த நிலைமையிலும் சிரித்தாள்.

அவள் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "என்னக்கா இது? உங்களுக்கு அந்த மூணாவது வரியே இன்னும் வரல. கல்யாணத்துல போயி யாராவது ஓடமில்ல ஓடமில்லன்னு பாடுவாங்களா? அது அழுவுற பாட்டு."

"அழுவுற பாட்டு இல்ல டீச்சர். அழுது முடிச்சு, மூஞ்சியக் கழுவிக்கிட்டு, வேலைக்குக் கெளம்புறப்பப் பாடுற பாட்டு."

மறுநாளே பண்ணைக் காரியஸ்தர் வந்து சேர்ந்தார். உட்காரவில்லை. "நர்ஸம்மா, அந்தக் கல்யாணத்துக்கு நீங்க போறதை ஐயா விரும்பல. வீடு ஐயாவோடதுங்கிறதையும் ஞாபகப்படுத்தச் சொன்னாங்க" என்றார்.

"அந்தத் தெருவுக்குத் தடுப்பூசி போடப் போகலாமா?"

"அது சர்க்கார் வேலை. அதுக்குப் போகலாம்."

"சரிங்க. கல்யாணத்தன்னிக்கி எல்லாக் கொழந்தையும் ஒரே எடத்துல இருக்கும், எனக்கு அலைச்சல் மிச்சம்."

காரியஸ்தர் என் முகத்தைப் பார்த்தார். நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

கல்யாணத்தன்று காலை அக்கா ஊசிப் பெட்டியை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, கிட்டாரை முதுகில் கட்டிக்கொண்டு, மணியடித்துக்கொண்டே பெரிய தெரு வழியாகச் சைக்கிளில் போனார். கொல்லைப்புறமாகப் போக வழி இருக்கிறது என்று நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. நான் பின்னால் நடந்தேன். மனசுக்குள் அன்றைக்கே மூட்டை கட்டி, பாத்திரம் அடுக்கி, வீடு காலி செய்துகொண்டிருந்தேன்.

பந்தல் முழுக்கக் கூட்டம், ஆனால் சத்தமே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார், கைகளைக் கட்டிக்கொண்டு. அக்கா சொன்னபடியே முதலில் குழந்தைகளுக்கு ஊசி போட்டார். அவை அழுத அழுகையில் பந்தல் கொஞ்சம் கலகலப்பானது. பிறகு கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, ஊசிக்குழாயை விரலில் மாட்டினார். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுதான் மேளமா?" என்றார். அக்கா ஒரு இழுப்பு இழுத்தார். வீட்டில் தெருக்கோடிவரை கேட்கிற சத்தம், அந்தத் திறந்தவெளியில் கொசு ரீங்கரிக்கிற மாதிரிதான் இருந்தது. அந்த அம்மாள் எழுந்திருக்கப் போனார்.

அப்போது பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். நடவில் நின்ற அதே பெண்கள்.

*ஆத்துல தண்ணி வந்தாச்சு, அக்கரை போக ஓடமில்ல*

யாரோ நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டினார்கள். யாரோ தாம்பாளத்தைத் தட்டினார்கள். மலர்க்கொடியின் அப்பா தாலிக்கயிற்றை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். நாத்தனார் இல்லாத வீடு, அதனால் மூன்று முடிச்சும் அவனே போடவேண்டும். பையனுக்குக் கயிறு கைக்கு அடங்கவில்லை. ரோட்டில் போலீஸ், பக்கத்தில் அம்மா, அவன் என்ன செய்வான் பாவம். முதல் வரிக்கு முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது வரிக்கு இரண்டாவது முடிச்சும் விழுந்தது. அக்காவின் கண்ணாடிக்குழாய் சர்ரென்று மேலே ஏறியது. தாண்டிவிட்டது.

"ச்சே!" என்றார் அக்கா.

"ச்சே!" என்றது பந்தல் முழுக்க, தாளம் தப்பாமல்.

அந்தச் சத்தத்தில் பையன் திடுக்கிட்டு மூன்றாவது முடிச்சைத் தவறவிட்டான். பந்தல் கப்சிப் என்றாகிவிட்டது. தாலி கட்டுகிற நேரத்தில் ச்சே என்பதா? முடிச்சு நழுவுவதா? மாப்பிள்ளையின் அம்மா முகம் வெளுத்துவிட்டது. வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

அதற்குள் அக்கா, வாய்க்காலில் விழுந்து எழுந்த அதே குரலில், "தப்பாயிடுச்சுங்க. இன்னொரு தடவை" என்றார்.

குனிந்திருந்த மலர்க்கொடி நிமிர்ந்தாள். தாலி கட்டும்போது பெண் நிமிரக்கூடாது. அவள் நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்களுந்தான். இன்னொரு தடவை போடுங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கயிறு கைக்கு அடங்கிவிட்டது.

அக்கா பதிலை மட்டும் தனியாகச் சொல்கிறவர் இல்லையே. முதலிலிருந்துதான் ஆரம்பித்தார். முதல் வரி வந்தது. பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இரண்டாவது வரி வந்தது. காத்திருந்தான். மொத்தப் பந்தலும் அவனோடு சேர்ந்து காத்திருந்தது. கண்ணாடிக்குழாய் மேலே ஏறியது. நின்றது. நிற்கவேண்டிய இடத்தில் நின்று, கொஞ்சம் அதிர்ந்து, அங்கேயே பாடியது. யாருக்கும் தெரியாத அந்த மூன்றாவது வரியை அக்கா கடற்கரைக் குரலில் பாடினார்.

*நீந்தித்தான் போவோம் தாயே, நனஞ்சா ஒண்ணும் மோசமில்ல*

மூன்றாவது முடிச்சு விழுந்தது. மரக்காலும் தாம்பாளமும் குலவையும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் ரோட்டில் நின்ற போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். இப்போது பெண்களுக்கு மூன்றாவது வரி கிடைத்துவிட்டது. விடுவார்களா? திருப்பித் திருப்பிப் பாடினார்கள். நடுவில் அந்த ச்சேயையும் விடவில்லை, அது பாட்டில் சேர்ந்ததுதான் என்பதுபோல. நான் அழுதேன். எனக்குச் சிரிப்பும் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அக்காவிடம் வந்து, கொஞ்ச நேரம் கிட்டாரையே பார்த்தார். "மேளம் சரியில்ல" என்றார். பிறகு, "சத்தம் போதும்" என்று சொல்லி, தன் கையால் வெற்றிலைப் பாக்கு கொடுத்தார்.

கூலிப் பேச்சு பிறகு முடிந்தது. கேட்டதில் பாதி கிடைத்தது, மீதிப் பாதிக்கு அடுத்த வருஷம் மறுபடி கேட்டார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. பண்ணை வீட்டு மருமகளுக்கு மாசியில் பிரசவம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரசவம் பார்க்க வேறு கை கிடையாது. நான் மனசுக்குள் கட்டிய மூட்டையை மனசுக்குள்ளேயே அவிழ்த்துவிட்டேன். அக்காவுக்கு இரண்டு வருஷம் கழித்து வழக்கமான மாற்றல் வந்தது. வேறு ஊருக்குப் போனார், கதவு நிறைய உள்ள வீடாகப் பார்த்திருப்பார். இதெல்லாம் பிற்பாடு.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நான் கூட நடந்தேன். ஆற்றுப் பாலத்தருகே வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, முழுசா வாசிச்சுட்டீங்களே!"

"எப்போ?"

"இப்போதான், பந்தல்ல. நிக்காம மூணு வரியும் வாசிச்சீங்க. உங்களுக்குத் தெரியலையா?"

அக்கா அப்படியே நின்றுவிட்டார். ஹாண்டில்பாரைப் பிடித்திருந்த தன் இடது கையைப் பார்த்தார். சுண்டுவிரலில் ஊசிக்குழாய் இன்னும் மாட்டியபடியே இருந்தது.

"அந்தப் பையன் கயித்தையே பாத்துக்கிட்டிருந்தேன் டீச்சர். நான் கேக்கவே இல்லியே. ச்சே!"

ஒரு மூச்சு விட்டார்.

"வாங்க, இன்னொரு தடவை" என்று சொல்லி, சைக்கிளைத் தெற்குத் தெருப் பக்கம் திருப்பினார்.